வகுப்பில் ஜனநாயகத்தை நடத்த ஆசிரியருக்கு யார் கற்றுக்கொடுக்கிறார்கள்?

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் அந்தப் பக்கம் நினைவிருக்கும். பாடநூலைத் திறந்ததும், முதல் பாடம் தொடங்குவதற்கு முன்பே மூன்று வரிகள்: தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல். தமிழ்ப் புத்தகத்திலும் இருக்கும், கணக்குப் புத்தகத்திலும் இருக்கும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. கைதான சிறுவர்களில் அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்களும் இருந்தார்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் புதுப் புத்தகத்தில் அந்த மூன்று வரியைப் புரட்டிக்கொண்டு வந்த பிள்ளைகள்தான் அவர்களும்.

அதனால் அந்த வரிகளால் பயனில்லை என்று சொல்லிவிட முடியாது. ஓர் அரசு தன் பாடநூலின் முகப்பில் எதை அச்சிடுகிறது என்பதற்கு மதிப்பு உண்டு. ஆனால் சமத்துவம், உரிமை, சகோதரத்துவம் பற்றிய வாசகங்களுக்கு நம் பள்ளிகளில் பஞ்சமே இல்லை. அவற்றைப் பிள்ளைகள் தினமும் பழகிப் பார்க்கிற ஏற்பாடுதான் இல்லை. அதைச் செய்துதர வேண்டியவர் ஆசிரியர். அவரை அதற்கு யாரும் தயார் செய்யவும் இல்லை. ஜனநாயகக் கல்வி என்று பேசும்போதெல்லாம் பாடநூலைப் பற்றியே சண்டை போடுகிறோம். ஆசிரியர் பயிற்சி பக்கம் பேச்சு திரும்புவது அபூர்வம்.

ஒரு பிள்ளை தன் வாழ்க்கையில் முதன்முதலில் பார்க்கிற அரசியல் பதவி எது? வகுப்புத் தலைவர். பெரும்பாலும் நன்றாகப் படிக்கிற, ஆசிரியருக்குப் பிடித்த பிள்ளைக்குத்தான் அது கிடைக்கும். ஆசிரியர் வெளியே போனதும் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையின் ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று எழுதிக் கீழே ஒரு கோடு போடுவது அந்தப் பதவியின் முதல் வேலை. பெயர் வந்தவன் 'நான் பேசவே இல்லை' என்று எழுந்தால், அப்படி எழுந்ததற்காகவே பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி விழும். மறுபடி சொன்னால் இரண்டாவது குறி. நண்பனின் பெயர் மட்டும் ஆசிரியர் வருவதற்குள் அழிந்துவிடும். ஆசிரியர் வந்து பட்டியலைப் பார்ப்பார், எல்லாரையும் எழுப்பி நிறுத்துவார். விசாரணை எதுவும் கிடையாது.

இதிலிருந்து அந்த நாற்பது பிள்ளைகள் கற்றுக்கொள்வதை யோசித்துப் பாருங்கள். பதவி மேலேயிருந்து வரும். கூட இருப்பவர்களைக் காட்டிக்கொடுப்பதுதான் பதவியின் வேலை. முறையிட்டால் தண்டனை கூடும். வேண்டப்பட்டவர் தப்பித்துக்கொள்ளலாம். ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் இது நன்றாகவே மனதில் பதிந்துவிடுகிறது. அப்புறம் எட்டாம் வகுப்பில் 'மக்களாட்சி என்றால் என்ன?' என்று இரண்டு மதிப்பெண் கேள்வி வருகிறது. அதற்கும் பிள்ளைகள் சரியாகவே பதில் எழுதுகிறார்கள்.

1948 நவம்பர் 4ஆம் தேதி அரசமைப்பு வரைவை அவையின் முன் வைத்துப் பேசிய அம்பேத்கர் இதைப் பூசி மெழுகாமல் சொன்னார். அரசமைப்பு அறம் இயல்பாக வருகிற உணர்வு அல்ல, அதை வளர்த்தெடுக்க வேண்டும், நம் மக்கள் அதை இனிமேல்தான் கற்க வேண்டும் என்றார். அடிப்படையில் ஜனநாயகமற்ற இந்திய மண்ணின்மேல் தூவிய மேலுரம்தான் இங்குள்ள ஜனநாயகம் என்பது அவர் கணிப்பு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயியிடம் படித்தவர் அவர். ஜனநாயகம் ஆட்சி நடத்துகிற முறை மட்டுமல்ல, மனிதர்கள் சேர்ந்து வாழ்கிற முறை என்பது டூயியின் அடிப்படை எண்ணம். சாதியை ஒழிப்பது பற்றி 1936இல் எழுதியபோது அம்பேத்கரும் அந்த இடத்தில்தான் வந்து நின்றார். சேர்ந்து வாழ்வதைப் பாடமாக அச்சடித்துக் கொடுத்துவிட முடியாது. வெவ்வேறு தெருவிலிருந்து வரும் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்காருகிற முதல் இடம் பள்ளிதான் என்பதால், அந்தப் பழக்கம் அங்கே வரவில்லை என்றால் வேறெங்கும் வருவது கஷ்டம்.

பாடநூல் மாறியது

குடிமையியல் என்ற பாடம் நமக்கு ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. ஆட்சிமீது இந்தியர்களின் விசுவாசம் குறைந்துவந்த பின்னணியில் அது பள்ளிக்குள் நுழைந்தது என்பதை 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட ஆவணமே பதிவு செய்திருக்கிறது. விடுதலைக்குப் பிறகும் அந்தச் சாயல் முழுக்கப் போகவில்லை. குடியரசுத் தலைவர் ஆவதற்கு எத்தனை வயது, மாநிலங்களவைக்கு எத்தனை ஆண்டு என்கிற அளவில்தான் பாடம் நின்றது. அரசு என்னும் இயந்திரத்தின் பாகங்களைப் பெயர் சொல்லத் தெரிந்தவரே நல்ல குடிமகன்.

பேராசிரியர் யஷ்பால் தலைமையில் உருவான அந்த 2005 ஆவணம் இதை மாற்றப் பார்த்தது. அதற்கு முன்னோடியான வேலை மத்தியப் பிரதேசத்தில் நடந்திருந்தது. 1982இல் தொடங்கிய ஏகலவ்யா அமைப்பு, அரசுப் பள்ளி ஆசிரியர்களோடு உட்கார்ந்து சமூக அறிவியல் நூல்களைப் புதிதாக எழுதி, வகுப்பில் நடத்திப் பார்த்துத் திருத்தியது. 2002இல் மாநில அரசு அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டாலும் அதன் அனுபவம், மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்சிஇஆர்டியின் புதிய நூல்களுக்குள் வந்துசேர்ந்தது.

அப்படி வந்த ஏழாம் வகுப்பு நூலின் முதல் பாடத்தில் காந்தா என்று ஒரு பெண். வீட்டு வேலை செய்கிறவர். தேர்தல் நாளன்று காலையில் ஓட்டுப் போட வரிசையில் நிற்கிறார். பணக்காரர், ஏழை எல்லாரும் அதே வரிசையில். எல்லாருக்கும் ஒரு ஓட்டு. காந்தாவுக்கு அது பெருமையாக இருக்கிறது. அவர் குடியிருப்பது சாக்கடையோரக் குடிசையில். மகளுக்கு உடம்பு சரியில்லை. டாக்டரிடம் கூட்டிப்போக, வேலை செய்கிற வீட்டில் கடன் கேட்க வேண்டும் என்பதால் அன்றைக்கு லீவு போட முடியாது. வேலையெல்லாம் முடித்துச் சாயங்காலம் மகளோடு இன்னொரு நீண்ட வரிசையில் போய் நிற்கிறார். அது அரசு மருத்துவமனை வரிசை. அதில் நிற்பவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். தான் உண்மையிலேயே சமம்தானா என்று காந்தா சந்தேகப்படக் காரணம் இருக்கிறதா என்று பாடம் பிள்ளைகளைக் கேட்கிறது.

இந்தியப் பாடநூல்களில் இதைவிட நேர்மையான கேள்வி அதிகம் வந்ததில்லை என்பது என் எண்ணம். மேல்வகுப்பு அரசியல் அறிவியல் நூல்களில் உன்னி, முன்னி என்று இரண்டு குறும்புக்காரக் கேலிச்சித்திரப் பிள்ளைகள் பக்க ஓரத்தில் நின்றுகொண்டு, நூல் சொல்வதையே குறுக்குக் கேள்வி கேட்டார்கள். சரி, இவ்வளவு நல்ல கேள்வி வகுப்பறைக்குள் வந்தபோது என்ன ஆனது? பெரும்பாலான இடங்களில் கைடில் அதற்கு விடை வந்தது. நான்கு வரி விடை. ஆசிரியர் அதைக் கரும்பலகையில் எழுதிப்போட, பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அந்த வகுப்பிலேயே வீட்டு வேலைக்குப் போகிற தாயின் மகள் இருந்திருப்பாள். அவளும் எழுதிக்கொண்டாள்.

ஆசிரியரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. காந்தாவின் கேள்வியை வகுப்பில் உண்மையாகவே திறந்துவிட்டால் அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். 'எங்க அம்மாவும் அப்படித்தான் மிஸ்' என்று ஒரு குரல். பின்வரிசையில் ஒரு சிரிப்பு. 'அவங்களுக்கெல்லாம் எல்லாம் சும்மா கிடைக்குது' என்று வீட்டில் கேட்டதை அப்படியே ஒப்பிக்கிற இன்னொரு குரல். அந்த மூன்றையும் ஒரே நேரத்தில் தாங்கிப் பிடித்து, முதல் பிள்ளை கூனிக்குறுகாமல், மூன்றாவது பிள்ளையை விரட்டாமல், நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் பேச்சை எங்காவது கொண்டுசேர்க்க வேண்டும். அதற்குப் பெரிய திறமை வேண்டும். பயிற்சி இல்லாதவர் கைடின் பக்கம் ஒதுங்குவது இயற்கை.

2012இல் நடந்த கேலிச்சித்திரச் சர்ச்சை இந்தக் குறையை வெட்டவெளிச்சம் ஆக்கியிருக்க வேண்டும். பதினோராம் வகுப்பு நூலில் 1949இல் சங்கர் வரைந்த ஒரு படம் இருந்தது. அரசமைப்பு என்ற நத்தையின்மேல் அம்பேத்கர் சாட்டையோடு உட்கார்ந்திருக்கிறார், பின்னால் நேருவும் சாட்டையோடு நிற்கிறார். அரசமைப்பு உருவாகத் தாமதம் ஆவதைப் பற்றிய படம். அந்த ஆண்டு மே மாதம் நாடாளுமன்றத்தில் தொல். திருமாவளவன் இதை எழுப்ப, அவை கொந்தளித்தது. நூலின் தலைமை ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷிகரும் பதவி விலகினார்கள். புனே பல்கலைக்கழகத்தில் பல்ஷிகரின் அறையை ஒரு கும்பல் அடித்து நொறுக்கியது. பன்னிரண்டாம் வகுப்பு நூலில் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றி ஆர். கே. லக்ஷ்மண் வரைந்த படத்துக்குத் தமிழகத் தலைவர்களும் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆராய்வதற்குப் பேராசிரியர் தோரட் தலைமையில் குழு போட்டார்கள். பல படங்களை நீக்கச் சொன்ன அந்தக் குழுவில் மாறுபட்டு எழுதிய ஒரே உறுப்பினர் தமிழறிந்த ஆய்வாளர் எம். எஸ். எஸ். பாண்டியன்.

படத்தைப் பார்த்துக் காயப்பட்டவர்களின் கோபத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தங்கள் வாழ்க்கையையே மாற்றிய தலைவரின் பின்னால் சாட்டை ஓங்கியிருப்பதைப் பார்த்து மற்ற பிள்ளைகள் சிரிக்கும்போது, வகுப்பில் உட்கார்ந்திருக்கிற தலித் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்பது நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் படம் 2006 முதல் நூலில் இருந்தது. ஆறு ஆண்டுகளாக நாடு முழுக்க ஆசிரியர்கள் அதை நடத்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பு எழும்போது என்ன செய்வது என்று அவர்களில் எத்தனை பேருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அவையில் அதைப் பற்றிப் பேச்சே வரவில்லை. படம் இருக்கலாமா கூடாதா என்பதோடு விவாதம் முடிந்தது. பிறகு 2022இல் சுமையைக் குறைக்கிறோம் என்ற பெயரில் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து ஜனநாயகமும் பன்மையும், மக்கள் போராட்டங்கள், ஜனநாயகத்தின் சவால்கள் ஆகிய பாடங்களையே எடுத்துவிட்டார்கள். பாடத்தையே எடுத்துவிட்டால் அதை நடத்தப் பழக வேண்டிய தேவையும் போய்விடுகிறது.

ஜெர்மனியில் ஒரு சண்டை முடிந்த விதம்

இதே மாதிரிச் சண்டையை ஜெர்மனி ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே போட்டுப் பார்த்துவிட்டது. நாஜி ஆட்சியில் பள்ளிக்கூடமும் ஆசிரியரும் எதற்குப் பயன்பட்டார்கள் என்பதைக் கண்ணால் பார்த்த நாடு அது. போருக்குப் பிறகு 1952இல் அரசியல் கல்விக்கென்றே மத்திய அரசு ஒரு நிறுவனம் தொடங்கியது. அது இன்றும் நடக்கிறது. ஆனால் 1968 மாணவர் எழுச்சிக்குப் பிறகு மேற்கு ஜெர்மனியில் அரசியல் பாடம் கட்சிச் சண்டையாக மாறியது. இடதுசாரிகள் ஆண்ட ஹெஸ்ஸன் மாநிலப் பாடத்திட்டத்தை வலதுசாரிகள் மூளைச்சலவை என்றார்கள். 1972இல் தீவிரக் கருத்துள்ளவர்கள் அரசு வேலைக்கு வரமுடியாதபடி ஒரு ஆணை வந்தது. அதில் வேலை இழந்தவர்களிலும், வேலை கிடைக்காமல் போனவர்களிலும் ஆசிரியர்கள் ஏராளம்.

1976இல் ஸ்டுட்கார்ட் நகருக்குப் பக்கத்தில் பாய்டெல்ஸ்பாக் என்ற சிற்றூரில், பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநில அரசியல் கல்வி மையத்தின் இயக்குநர் ஸீக்ஃப்ரீட் ஷீலே இரண்டு தரப்பு அறிஞர்களையும் கூட்டி உட்காரவைத்தார். யாரும் வாக்கெடுப்பு நடத்தவில்லை, யாரும் கையெழுத்துப் போடவில்லை. பேச்சில் எல்லாரும் ஒத்துப்போன மூன்று விஷயங்களை ஹான்ஸ்-கியோர்க் வேலிங் என்பவர் பிறகு எழுதிவைத்தார். இன்றுவரை ஜெர்மன் வகுப்பறையின் அடிப்படை விதி அதுதான்.

முதலாவது, மாணவரைத் திணறடித்துத் தன் கருத்துக்கு இழுக்க ஆசிரியருக்கு உரிமை இல்லை. இரண்டாவது, அறிஞர்களிடமும் அரசியலிலும் சர்ச்சையாக இருக்கிற விஷயம் வகுப்பிலும் சர்ச்சையாகவே வர வேண்டும், ஒரு பக்கத்தை மறைக்கக் கூடாது. மூன்றாவது, ஒரு பிரச்சினையில் தன் நிலை என்ன, தன் நலன் என்ன, அதற்காகத் தான் என்ன செய்ய முடியும் என்று மாணவர் தாமே பார்க்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த விதிகள் மாணவரைக் காப்பாற்றுவதோடு ஆசிரியரையும் காப்பாற்றுகின்றன. ஒரு பெற்றோர் வந்து 'என் பையனிடம் ஏன் அரசியல் பேசினீர்கள்?' என்று கேட்டால், 'இரண்டு பக்கத்தையும் வைத்தேன், முடிவை அவனிடம் விட்டேன்' என்று தலைநிமிர்ந்து சொல்ல அவரிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. நம் ஆசிரியரிடம் அப்படி ஒன்று இல்லை. நடத்தை விதிகள் மட்டும் இருக்கின்றன. அவை எதைச் செய்யக் கூடாது என்று சொல்லுமே தவிர, எதை நம்பிச் செய்யலாம் என்று சொல்லாது. புகார் வந்தால் தனியாக நிற்க வேண்டும் என்று தெரிந்தவர் பேசாமல் இருப்பதையே தேர்ந்தெடுப்பார்.

சர்ச்சையைச் சர்ச்சையாக வை என்றால் எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கம் உண்டு என்று பொருள் கிடையாது. இதைத் தவறாகப் புரிந்துகொள்வது எளிது. 2018இல் ஜெர்மனியின் தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டி, தங்களைப் பற்றி வகுப்பில் 'நடுநிலை தவறி' பேசுகிற ஆசிரியர்களைப் பற்றிப் புகார் தரச் சொல்லி ஹாம்பர்க்கில் ஓர் இணையதளமே தொடங்கியது. பாய்டெல்ஸ்பாக் விதியையே அதற்குச் சாக்காகவும் சொன்னார்கள். அதற்கு வந்த பதில் உறுதியாக இருந்தது. மனித மாண்பு மீறப்படக் கூடாதது என்று ஜெர்மன் அரசமைப்பின் முதல் உறுப்பு சொல்கிறது. அதை நாடாளுமன்றம்கூட மாற்ற முடியாது. அங்கே ஆசிரியர் நடுநிலை காக்க வேண்டியதில்லை, அதன் பக்கம்தான் நிற்க வேண்டும்.

நமக்கும் அப்படி ஒரு கோடு இருக்கிறது. தீண்டாமையை ஒழித்த 17ஆம் உறுப்பு விவாதப் பொருள் அல்ல. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சமமா என்று பட்டிமன்றம் வைக்க முடியாது. ஆனால் நீட் வேண்டுமா, மும்மொழிக் கொள்கை சரியா, பொருளாதார அடிப்படையில் இடஒதுக்கீடு தரலாமா, ஊரில் டாஸ்மாக் கடை இருக்கலாமா, இதெல்லாம் வளர்ந்தவர்கள் உண்மையாகவே மாறுபடுகிற விஷயங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இவற்றை வீட்டில், பஸ்ஸில், வாட்ஸ்அப்பில் தினமும் கேட்கிறார்கள். நிதானமாகப் பேசிப் பழகும்படி அவற்றை நடத்தித்தர வேண்டிய வகுப்பறையில் மட்டும் கேட்பதில்லை. எது பேசித் தீர்க்க வேண்டியது, எது பேரம் பேசவே கூடாதது என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் ஓர் ஆசிரியருக்கு முதலில் வேண்டிய தேர்ச்சி. ஜெர்மனியில் பல்கலைக்கழகப் படிப்பு முடிந்த பிறகு ஒன்று முதல் இரண்டு ஆண்டு வரை பள்ளியில் மூத்த ஆசிரியரின் மேற்பார்வையில் பயிற்சி ஆசிரியராக இருந்து, பார்வையாளர்கள் முன்னால் பாடம் நடத்திக் காட்டி, இரண்டாவது அரசுத் தேர்வும் எழுதித்தான் ஒருவர் முழு ஆசிரியர் ஆகிறார். விதியைப் படித்ததோடு நிற்காமல் அதை வகுப்பில் கையாண்டும் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்.

இதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. 1999இல் 28 நாடுகளில் பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் குடிமைக் கல்வி பற்றி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இந்தியா அதில் கிடையாது. தங்கள் கருத்தை அஞ்சாமல் சொல்லலாம், ஆசிரியர் மாற்றுக் கருத்தை மதிப்பார் என்று பிள்ளைகள் உணர்ந்த வகுப்பறைகளில் குடிமை அறிவும் கூடியிருந்தது, வளர்ந்த பிறகு ஓட்டுப் போடுவோம் என்ற எண்ணமும் கூடியிருந்தது. பிற்பாடு நடந்த ஆய்வுகளும் இதையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

பி.எட். படிக்கும்போது என்ன நடக்கிறது

நம் ஆசிரியர் எங்கே உருவாகிறார்? உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே. எஸ். வர்மா ஆணையம் இதை ஆராய்ந்து 2012இல் அறிக்கை தந்தது. தனித்து இயங்குகிற ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் பெரும்பாலானவை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை, உண்மையான பயிற்சி தர முயற்சிகூடச் செய்யாமல் காசுக்குப் பட்டம் விற்கின்றன என்று அந்த ஆணையத்தை மேற்கோள் காட்டித் தேசியக் கல்விக் கொள்கையே எழுதுகிறது. அந்த ஆணையத்துக்குப் பிறகு 2015 முதல் பி.எட். இரண்டு ஆண்டாக நீண்டது. பள்ளியில் செலவிட வேண்டிய காலம் மொத்தம் 20 வாரம் என்று விதி வந்தது. பாலினம், பள்ளி, சமூகம் பற்றி ஒரு தாள், சமகால இந்தியாவும் கல்வியும் பற்றி ஒரு தாள். காகிதத்தில் நல்ல மாற்றம்தான்.

ஆனால் பயிற்சி மாணவருடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். விடியற்காலை வரை ரெக்கார்ட் எழுதுகிறார்கள். லெசன் பிளானை மார்ஜின் போட்டு, வண்ணப் பேனாவில் தலைப்பு எழுதி, சார்ட் ஒட்டிக் கொண்டுபோகிறார்கள். மைக்ரோ டீச்சிங்கில் கேள்வி கேட்கும் திறன், ஊக்குவிக்கும் திறன், விளக்கும் திறன் என்று ஒவ்வொன்றாக ஐந்து பத்து நிமிடம் நடித்துக் காட்டுகிறார்கள். மாணவர்களாக உட்கார்ந்திருப்பதும் சக பயிற்சியாளர்கள்தான், என்ன விடை சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கு முன்பே தெரியும். எதிர்பாராத விடை என்ற ஒன்று அங்கே வரவே வராது. வகுப்பில் பிள்ளைகள் ஒருவரையொருவர் மறுத்துப் பேசும்போது அதை நடத்துவது ஒரு திறனாக அந்தப் பட்டியலில் இடம்பெறுவதே அபூர்வம்.

இன்னொன்றும் உண்டு. பயிற்சி பெறுகிறவர்கள் இருபது வயதைக் கடந்தவர்கள், ஓட்டுரிமை உள்ளவர்கள், பலர் திருமணமானவர்கள். என்ன உடுத்துவது என்பதில் தொடங்கி எப்போது வாய் திறப்பது என்பதுவரை அவர்களுக்கு உத்தரவு வருகிற கல்லூரிகள் பல உண்டு. இன்டர்னல் மார்க் பயத்தில் இரண்டு ஆண்டு வாயை மூடிக்கொண்டிருந்தவரிடம், வெளியே போய்ப் பிள்ளைகளைப் பேச விடுங்கள் என்றால் எப்படி முடியும்? பிறகு டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு. 150 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை. குழந்தை உளவியல்கூட அந்த நான்கு கட்டத்துக்குள்தான். ஒருவர் வகுப்பில் எப்படி நடந்துகொள்வார் என்பது அந்தத் தேர்வின் எந்த மூலையிலும் தெரியாது.

நாங்குநேரிக்குப் பிறகு தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் வண்ணக் கயிறு கட்டத் தடை, பெயரின் அகர வரிசையில் இருக்கை போன்ற பரிந்துரைகள்தான் ஊடகத்தில் பெரிதாக அடிபட்டன. ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும்போது சமூக நீதி குறித்த அவர்களுடைய மனப்பாங்கையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று அந்த அறிக்கை சொன்னதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. என் பார்வையில் அறிக்கையின் மிக முக்கியமான இடம் அதுதான். கயிற்றை அவிழ்க்க ஒரு சுற்றறிக்கை போதும். ஆசிரியரின் பார்வையைச் சுற்றறிக்கை மாற்றாது.

நடைமுறையில் ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். ஏழாம் வகுப்பு, இடைவேளை முடிந்து பிள்ளைகள் உள்ளே வருகிறார்கள். ஒருவன் இன்னொருவனை அவன் சாதிப் பெயரைப் பட்டப்பெயராக்கிக் கூப்பிடுகிறான். வகுப்பு சிரிக்கிறது. ஆசிரியருக்குக் கிடைப்பது ஏழெட்டு நொடி. காதில் விழாத மாதிரி பாடத்தைத் தொடங்கலாம், பலரும் அதைத்தான் செய்கிறார்கள். சிரித்த வகுப்பு அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளும். சொன்னவனை ஓங்கி அறையலாம். அதைக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது என்பது ஒருபுறம் இருக்க, அடிவாங்கியவன் சாயங்காலம் யார்மேல் அதைத் தீர்த்துக்கொள்வான் என்பது நாம் அறியாததல்ல. கேலிக்கு ஆளான பையனை எழுப்பி 'இவனும் நம்மைப் போலத்தான்' என்று உபதேசம் செய்யலாம். அது அந்தப் பையனுக்கு இன்னொரு அவமானம்.

அனுபவமுள்ள ஆசிரியர் செய்வது வேறு. அந்தச் சொல் இந்த வகுப்பில் வரக் கூடாது என்று குரல் உயர்த்தாமல், எல்லாருக்கும் கேட்கும்படி உடனே நிறுத்துவார். கேலிக்கு ஆளானவனைக் காட்சிப் பொருளாக்காமல் பாடத்துக்குப் போவார். அன்றைக்கே அவனைத் தனியாகப் பார்ப்பார், சொன்னவனையும் தனியாகப் பார்ப்பார். அந்த வாரத்துக்குள், யாரையும் சுட்டாமல், ஒருவரை எப்படி அழைப்பது என்பதை வகுப்பே பேசி விதி எழுதும்படி நேரம் ஒதுக்குவார். இதையெல்லாம் அந்த இடத்திலேயே யோசித்துச் செய்ய முடியாது. பயிற்சிக் கல்லூரியிலேயே பலமுறை நடித்துப் பார்த்து, தப்பாகச் செய்து, சக பயிற்சியாளர்கள் ஏன் தப்பு என்று சொல்லக் கேட்டு, திரும்பச் செய்திருந்தால்தான் அந்த ஏழெட்டு நொடியில் சரியான வார்த்தை வாயில் வரும். மைக்ரோ டீச்சிங் நடத்துகிற அதே அறையில், அதே பத்து நிமிடத்தில் இதைச் செய்யலாம்.

ஆசிரியரின் பழக்கத்தை மாற்ற முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போதைய ஆணையர் எம். பி. விஜயகுமார் அதற்கு முன்னின்றார். முதலில் ஆணை அனுப்பாமல் ஆசிரியர்களை ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளிக்குக் கூட்டிப்போய், அங்கே பிள்ளைகள் தாமாகவே அட்டைகளை எடுத்துப் படிப்பதைக் காட்டினார்கள். திரும்பி வந்த ஆசிரியர்கள் நாற்காலியை விட்டிறங்கிப் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். கரும்பலகை பிள்ளைகளின் உயரத்துக்கு இறங்கி வந்தது. ஆசிரியரைப் பார்த்து எழுந்து விறைத்து நிற்கிற பிள்ளை, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சந்தேகம் கேட்டது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரப்பியபோது அந்த நிதானம் இல்லாமல் போனதும், பல இடங்களில் அது அட்டை அடுக்குகிற வேலையாகச் சுருங்கியதும் உண்மை. ஆனால் முதலில் சேர்ந்த ஆசிரியர்கள் மாறியது, தாங்களே நேரில் பார்த்து நம்பியதால்.

பள்ளி மேலாண்மைக் குழுவும் அப்படி ஒரு வாய்ப்பு. கல்வி உரிமைச் சட்டப்படி உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022இல் இந்தக் குழுக்களைப் பெற்றோரைக் கூட்டித் தேர்ந்தெடுத்துப் புதிதாக அமைத்தார்கள். கூலி வேலைக்குப் போகிற ஒரு தாய் தலைமை ஆசிரியருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து கழிப்பறைக்குத் தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்பதைப் பிள்ளைகள் பார்ப்பது, எந்தப் பாடத்தையும்விடப் பெரிய பாடம். கூட்டம் நடத்தாமலே தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குகிற பள்ளியில், அதற்கு நேர்மாறான பாடத்தைப் பிள்ளைகள் அதே தெளிவோடு படிக்கிறார்கள்.

கடைசியாக ஒரு விஷயம். இந்த நாட்டில் ஜனநாயகத்தைக் கையால் தொட்டு நடத்துகிறவர்கள் ஆசிரியர்கள். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் மட்டும் 68 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகள். அவற்றில் பெரும்பங்கு பள்ளிக்கூடங்களில், தலைமை அலுவலர்களாக உட்கார்ந்தவர்களில் பெரும்பங்கு ஆசிரியர்கள். வாக்குப்பதிவு தொடங்குவதற்கு முன் கட்சி முகவர்கள் எதிரிலேயே குறைந்தது 50 ஓட்டுப் போட்டு, எண்ணிக் காட்டி, அழித்து, சீல் வைக்கிறார்கள். ஒருவர் பெயரில் வேறு யாரோ முன்பே ஓட்டுப் போட்டுவிட்டால், உண்மையானவருக்குத் தனிச் சீட்டில் ஓட்டுப் போடும் உரிமை உண்டு என்பதும், வாக்காளரின் அடையாளத்தில் முகவருக்குச் சந்தேகம் என்றால் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம் என்பதும் அவர்களுக்கு அத்துப்படி. பதிவான மொத்த வாக்கை எழுதிய படிவத்தின் நகலை எல்லாக் கட்சி முகவருக்கும் கொடுத்துவிட்டுத்தான் பெட்டியைக் கட்டுகிறார்கள். சந்தேகப்படுகிறவரை எதிரியாகப் பார்க்காமல் சாட்சியாக உட்காரவைப்பது, முறையீட்டுக்கு ஒரு வழி வைப்பது, கணக்கை எல்லாருக்கும் திறந்து காட்டுவது என்று வகுப்புத் தலைவர் தேர்தலுக்கும், வகுப்பு விதிகளுக்கும், தண்டனைக்கும் வேண்டிய அத்தனையும் அந்த ஒரு நாளில் இருக்கிறது. திங்கட்கிழமை காலை அதே அறையில், அதே மேசைக்குப் பின்னால் நின்று பாடம் நடத்தும்போது அந்த அனுபவத்தில் ஒரு வரிகூடப் பிள்ளைகளிடம் போய்ச் சேர்வதில்லை.

அந்த ஒரு நாளுக்காக அரசு அவர்களை எப்படித் தயார் செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தேர்தலுக்கு முந்தைய சில வாரங்களுக்குள் இரண்டு மூன்று சுற்றுப் பயிற்சி. வெறும் உரை போதாது என்று இயந்திரத்தைக் கையில் கொடுத்து இணைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். தகராறு வந்தால் என்ன செய்வது, இயந்திரம் நின்றுவிட்டால் யாரை அழைப்பது, கண் தெரியாதவர் வந்தால் யார் துணை வரலாம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுகிறார்கள். கையேடு தருகிறார்கள். அன்றைக்கு அவர் எடுக்கிற முடிவுக்குச் சட்டம் துணை நிற்கும் என்று உறுதியும் தருகிறார்கள். அப்படிப் போனவர்கள் பெரும்பாலும் நன்றாகவே நடத்திவிட்டு வருகிறார்கள். ஆண்டுக்கு 200 நாளுக்கு மேல் நடக்கிற வகுப்பறைக்கு இதில் பாதி அளவு ஏற்பாட்டையாவது கேட்க ஆசிரியர் சங்கங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. ஊதியம், இடமாறுதல், ஓய்வூதியம் ஆகிய கோரிக்கைகளின் வரிசையில் இதையும் சேர்த்து அவர்கள் கேட்க வேண்டும்.